பதினான்காவது வரி

திருத்தணி முருகன் துணை

விஜயபுரம்,
ஜூன் 9

அன்பு மகன் ஸ்ரீஹரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, இரண்டு மாடு எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாட்டமாக இருக்கிறோம். நீ சௌக்கியம் என்று எனக்குத் தெரியும். போன வாரம் போனில் பேசிய நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் உன் சௌக்கியத்தைத்தான் சொன்னாய். மிச்ச ஒரு நிமிஷத்தில் நான் வாயைத் திறந்ததும், ஸ்லைடு வேலை கீதும்மா, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். காகிதம் என்றால் அப்படிப் பாதியில் வைத்தாலும் திரும்ப எடுக்கும்போது விட்ட இடத்திலேயே காத்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். 28ஆம் தேதி நீ அந்தப் பெரிய கூட்டத்தில் பேசப் போகிறாய், அதைக் கேட்டுத்தான் நெதர்லாந்தில் உனக்கு நிரந்தர வேலை கொடுப்பார்கள் என்று உன் நைனா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. திருப்பதியில் கூரியர்க்காரன் பத்து நாளில் போய்ச் சேரும் என்றானாம். ஆகவே பேச்சுக்கு முன்னாலேயே இது உன் கைக்கு வந்துவிடும். படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் வீட்டு விஷயம். உன் அக்கா ஸ்வர்ணலதாவுக்குச் சித்தூரில் மாங்கூழ் பேக்டரியில் இப்போது மூச்சுவிட நேரமில்லை, லாரி லாரியாகக் காய் வந்து நிற்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ். மருமகனுக்கு முதுகுவலி, வேலை செய்யச் சொன்னால் மட்டும் வருகிற முதுகுவலி. நம் போர்வெல் மோட்டார் போன செவ்வாய்க்கிழமை எரிந்துவிட்டது, அதற்குக் காரணம் நான்தான் என்று உன் நைனா சொல்கிறார், அதைப் பின்னால் சொல்கிறேன். மழை இரண்டு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போயிற்று. வேர்க்கடலை விதைக்க எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி உன் பேச்சைப் பற்றி. ஏப்ரல் மாதம் திருப்பதியில் நீ பேசியதற்குக் கப்பு கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். நன்றாக இல்லை. இருபது நிமிஷம் கொடுத்த இடத்தில் எட்டு நிமிஷம் நீ எந்த நாட்டில் யாரிடம் படித்தாய் என்பதற்கே போயிற்று. சுவரில் விழுந்த எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, அதையும் நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தாய். சுவருக்கா பேச வந்தாய்? மணி அடித்ததும் நேரமில்லை நேரமில்லை என்று பத்துப் பதினைந்து படத்தைத் தள்ளிக்கொண்டே ஓடினாய், தள்ளுவதற்கு எதற்குக் கொண்டு வந்தாய்? மூன்று தரம் தண்ணீர் குடித்தாய். மகளிர் சங்கத்தின் சார்பில் டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று மண்டல ஆபீசில் நான் பேசியது இரண்டே நிமிஷம், ஒரே விஷயம், அந்த அதிகாரி கண்ணைப் பார்த்துப் பேசினேன். டிரான்ஸ்பார்மர் வந்தது. பத்தாவதோடு நின்றவளுக்குத் தெரிந்தது இத்தனை வருஷம் படித்த உனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம்கூட மன்னிக்கிற தப்பு. வாசலிலேயே நீ என்னிடம், மூணாவது வரிசைல குந்திக்கோம்மா, முன்னால வாணாம், யாராச்சும் தெலுங்குல பேச்சு குடுத்தா சும்மா சிரி என்று சொன்னாயே, அங்கேயே எனக்கு ஏதோ கசந்தது. தெலுங்கு எனக்கு வராதா? நாற்பது வருஷமாக ரேஷன் கடையிலும் பத்திர ஆபீசிலும் நான் என்ன சைகையிலா பேசுகிறேன்? சரி என்று உட்கார்ந்தேன். இங்கிலீஷுக்கு ஸ்வர்ணா காதோரம் அர்த்தம் சொல்லிக்கினே வந்தாள். பாதியில் திடீரென்று சுவர் முழுக்க நான். கடலைக் காட்டில் தலையில் துண்டு, கிழிந்த ரவிக்கை, ஏதோ சொல்ல வாய் திறந்தபடி. கீழே விவசாயி 14 என்று போட்டிருந்தாய். உன் கையில் இருந்த சிவப்பு விளக்கு நடுங்கி நடுங்கி வந்து என் நெற்றியில் நின்றது. நீ ஏதோ சொன்னாய், கூடம் சிரித்தது, ஸ்வர்ணா அர்த்தம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் தொடையைக் கிள்ளிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். இவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பிடிவாதக்காரங்க, எத்தனை தரம் நல்ல விதை குடுத்தாலும் வீட்டு விதையத்தான் போடுவாங்க, அதனாலதான் ஏக்கருக்கு ஒம்பது மூட்டைங்கறான்மா என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவளாம். போன வருஷம் மகசூல் கணக்கெடுக்க வந்தபோது நீ நீட்டிய இங்கிலீஷ் பாரத்தில் தாட்சாயணி என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து நான் போட்ட கையெழுத்து உன் பைலில் இருக்கிறது, போய்ப் பார். வெளியே வந்து காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, பெத்த அம்மான்னு சொன்னா ஆராய்ச்சில நம்ப மாட்டாங்கம்மா, அதான் என்றாய். அதான் என்று ஒரே வார்த்தையில் பெற்றவளைத் தாண்டிப் போய்விட்டாய். நான் காபியைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

இப்போது உட்கார்ந்திருக்கிறாயா? அந்த ஒன்பது மூட்டை பொய்.

களத்தில் விளைந்ததை உள்ளபடி வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கண் படும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உனக்கு ஏழு வயதில், காய் வாங்க வந்த வியாபாரியிடம் பதினெட்டு மூட்டை என்று பெருமையாகச் சொல்லிவிட்டாய், நான் கிள்ளிய கிள்ளில் தொடை கன்றிப்போய் இரண்டு நாள் அழுதாய். அதை மறந்துவிட்டாயா? போன வருஷம் தருண் என்கிற அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாயே, நம் வீட்டுக்கு வந்ததும் என்னை அம்மா என்று கூப்பிடாமல், நீங்க எத்தனை ஏக்கர் போட்டீங்க, என்ன மகசூல் வந்துது என்று கையில் பெரிய போன் மாதிரி டேப்பை வைத்துக்கொண்டு ஆபீசர் மாதிரிக் கேட்டாய். ஆபீசருக்கு என்ன சொல்வேனோ அதைச் சொன்னேன். ஒன்பது. நீ கண் இமைக்காமல் பதிந்துகொண்டாய். அப்போது நீ உட்கார்ந்திருந்ததே அந்த மூட்டைகளின் மேல்தான். எழுந்து திரும்பி எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும், நீ எண்ணவில்லை.

நான் மட்டுமில்லை. வீட்டு விதை போட்ட பத்தொன்பது வீட்டிலும் கண்ணுக்குப் பயந்து குறைத்துத்தான் சொன்னார்கள். சர்க்காரிடம் சலுகை விலையில் விதை வாங்கிய மற்ற பத்தொன்பது வீட்டில், நல்லா வரலைன்னு சொன்னா அடுத்த வருசம் பேரை எடுத்துடுவாங்க என்று கூட்டிச் சொன்னார்கள். இவர்கள் குறைத்ததும் அவர்கள் கூட்டியதும்தான் உன் படத்தில் பச்சைக் கோடாகவும் சிவப்புக் கோடாகவும் விலகிப் போயிற்று. அதற்குத்தான் கப்பு.

அன்றைக்குத் திருப்பதியில் நரைத்த தலை அம்மாள் ஒருத்தி கடைசியில் எழுந்து, விவசாயிகள் சொன்னது உண்மை என்று எப்படித் தெரியும் என்று தெலுங்கிலேயே கேட்டாள். கூடத்தில் கேள்வி கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நீ சிரித்துக்கொண்டு, நான் அந்த ஊர்ப் பிள்ளை, என்னிடம் போய்ப் பொய் சொல்வார்களா என்றாய். சொல்லிவிட்டு ஒரு நொடி என்னைப் பார்த்தாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தெரிந்தேதான் ஆட்டினேன். என் மானத்தைக் காப்பாற்றாதவனின் மானத்தை நான் எதற்குக் காப்பாற்ற வேண்டும், இன்னும் உயரமான இடத்தில் ஏறி அங்கிருந்து விழட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்த நினைப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. உன் நைனா அந்தக் கப்பைத் துடைக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தேன். பெற்ற தாய் இப்படி நினைப்பாளா என்று கேட்காதே, நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே நின்றது தெரியுமா? உன் பேச்சை ஒரு தெலுங்கு பேப்பரில் போட்டிருந்தார்கள், வீட்டு விதையால் பாதி மகசூல் நஷ்டம், உள்ளூர் விஞ்ஞானி கண்டுபிடிப்பு என்று. உன் நைனா அதை வெட்டி எடுத்துப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவள் தனி ஆள், ஒன்றரை ஏக்கர், மாமியார் காலத்திலிருந்து விடாமல் வைத்திருக்கும் விதை. நான் புத்தூர் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஆனி விதைப்புக்கு எடுத்து வைத்திருந்த விதைக்காய் அத்தனையையும் எண்ணெய் மில்லுக்குப் போட்டுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, நம்ம ஸ்ரீஹரியே சொல்லிக்கீதே அக்கா, அந்தப் புள்ள பொய்யா சொல்லும், நீ எனக்கு முன்னமே சொல்லக் கூடாதா என்றாள். சலுகை விதையும் இந்த வருஷம் இன்னும் வரவில்லை. அவள் நிலம் உழுது வெறுமையாகக் கிடக்கிறது. உன்னை விழவைக்கக் காத்திருந்தேன், விழுந்தது அவள். இதில் உன் பங்கு பாதி, என் பங்கு பாதி. என் பாதியை நான் யாரிடமும் தள்ள முடியாது. நம் விதையில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், உன் நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு நீ அலமாரியில் விட்டுப்போன பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு மற்ற முப்பத்தேழு வீட்டுக்கும் நடந்தேன். யாரும் சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எங்கள் நிலத்தின் உண்மைக் கணக்கை நான் வாய்விட்டுச் சொன்னேன், பிறந்ததிலிருந்து சொல்லாததைச் சொன்னேன். அதைக் கேட்டுத் திகைத்துப்போய்த்தான் அவர்களும் சொன்னார்கள். ஒரு கிழவர் என் வாயைப் பொத்த வந்தார். மோட்டார் எரிந்தது அதனால்தான் என்கிறார் உன் நைனா. இருக்கலாம். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், உன் எண் வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். நீயே கூட்டிப் பார், உனக்குத்தான் கணக்கு வருமே. வீட்டு விதைக்கும் சலுகை விதைக்கும் ஒரு மூட்டைகூட வித்தியாசமில்லை. உன் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். 28ஆம் தேதி பேச உன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

திருப்பதிப் பேச்சுக்கு முன்னால் பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பேசிப் பார்த்தாய். நான் அந்தப் பக்கம் கடலை உரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அம்மா நான் இதான் பேசப்போறேன், கேளு என்று நம் பாஷையில் எனக்குச் சொல்லிக் காட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். யாரைப் பற்றிப் பேசுகிறாயோ அவர்களிடம் முதலில் பேசிக் காட்ட வேண்டும் என்று அத்தனை பெரிய படிப்பில் ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லையா?

என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. தாளைக் கிழித்துவிட்டுப் பழைய பேச்சையே பேசலாம், அங்கே விஜயபுரத்தார் யாரும் எழுந்து கேட்கப்போவதில்லை, வேலையும் கிடைக்கும். நான் யாருக்கும் எழுத மாட்டேன், பயப்படாதே. இல்லை, எங்கள் ஊர் ஏன் பொய் சொன்னது, நான் எப்படி ஏமாந்தேன் என்று அதையே எழுந்து நின்று சொல்லலாம். வேலை போகலாம். எதைச் செய்தாலும் கண்ணைப் பார்த்துச் செய், சுவரைப் பார்க்காதே. என் படத்தை எடுத்துவிடு. வைத்தால் பெயரைப் போட்டு வை.

அங்கே குளிர் இருந்தால் காதைக் கட்டிக்கொள், நேரத்துக்குத் துன்னு, மெலிந்து போய்விட்டாய் என்று போனில் பார்த்தபோதே சொல்ல நினைத்தேன். முருகன் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு, இதைத் திட்டிக்கொண்டே சொன்னாலும் மனசாரத்தான் சொல்கிறேன்.

ஒன்று மறக்காதே. அந்தத் தாளில் பதினான்காவது வரியில் மட்டும் எண் எழுதவில்லை. முப்பத்தேழு வீட்டுக்கும் சொன்னதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. போன் பண்ணி, அம்மா, நம்ம நிலத்துல எவ்ளோ ஆச்சும்மா என்று கேள், சொல்கிறேன். அம்மா என்று கேட்க முடியாவிட்டால் அந்த ஒன்பதே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. தாட்சாயணி
(கையெழுத்து என்னுடையதுதான், பாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்)