எண்பத்திரண்டு பாகை வடக்கே மழை இல்லை

2009 ஓகஸ்ட் 8, சனி

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. காலை ஆறு மணிக்கே வேர்வை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.

வானிலைக் கோப்பு இறங்க இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். தொலைபேசி வயரால்தான் அதுவும் வருகிறது. அந்த நேரத்தில் வீட்டுக்கு யாரும் அழைக்க முடியாது. ஸபியாவுக்குக் கோபம். கலியாணம் முடித்து நாற்பத்தொரு வருடத்தில் நான் அவளுடைய தொலைபேசியை மறிப்பது இந்தப் பன்னிரண்டு நாளாகத்தான்.

டோஹாவிலுள்ள மகன் கணினிக்கு அனுப்பிய கருவி. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸ் செல்லாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும். கோப்புக்குள் முழு உலகமும் சதுரம் சதுரமாக வெட்டிக் கிடக்கிறது. சதுரத்துக்குச் சதுரம் மழை, காற்று, வெப்பம். வெறுமனே திறந்தால் குப்பை எழுத்து. கருவி அதை வாசித்து எண்ணாக மாற்றித் தரும். பிழையாக எழுதினால் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு நின்றுவிடும். சிரிக்காது. எனக்குப் பிடித்த குணம்.

மகனின் கடிதத்தில் கடைசி வரி: "இடத்துக்கு ரெண்டு நம்பர் குடுங்க வாப்பா. ஒங்களுக்கு நான் செல்லித் தரத் தேவல்ல." தேவையில்லைதான். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவன். அகலக்கோடு முதல், நெடுங்கோடு பிறகு. 7.4, 81.8. கல்முனை.

இன்று மழை 0.1 மி.மீ. அதாவது இல்லை. திரையில் கோடு கீறும் அடிமட்டத்தை வைத்து மறைத்துக்கொண்டு கடைசி எண்ணை மட்டும் கொப்பியில் எழுதுகிறேன். வரியிலுள்ள மற்ற எண்கள் கண்ணைக் குழப்புகின்றன.

வாங்க: சீனி வருத்த மாத்திரை, கொப்பி (80 தாள்), மல்லி கால் கிலோ.

ஓகஸ்ட் 10, திங்கள்

அதே காற்று. இடது கடைவாய்ப் பல் வலி.

மாத்திரை வாங்கப் பட்டினம் போனேன். யுத்தம் முடிந்து மூன்று மாதம். பாலத்தடிச் சோதனைச் சாவடி மட்டும் இன்னும் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த கடதாசியை எடுக்கச் சொன்னார்கள். அகலக்கோடு, நெடுங்கோடு, நேரம் என்று பதினைந்து வரி, என் கையெழுத்தில். என்னை நானே உளவாளி என்று பிடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

"மொக்கத மே?" இது என்ன என்றார் சிப்பாய்.

எவ்வளவோ சிங்களம் தெரியும். அந்த நேரம் வந்தது ஒரு சொல்தான். "வெஸ்ஸ." மழை.

வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஹெட்ட?" நாளைக்கா?

"நே." இல்லை.

லீவில் ஊருக்குப் போகிறாராம். கடதாசியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். பல் வலி அப்போது தெரியவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

ஓகஸ்ட் 11, செவ்வாய்

வெயில். பூனை பேனாவைத் தட்டிவிட்டுப் போய்விட்டது, ஆகவே பென்சில்.

வட்டவிதானை வீட்டுக்கே வந்தார். வயலுக்குத் தண்ணீர் திறப்பது, வெட்டு நாள் வைப்பது எல்லாம் அவர்தான். என் வாசலுக்கு இதுவரை வந்ததில்லை. கூடவே என் மச்சான் அலியார், ஸபியாவின் தம்பி. ஸபியாவின் சீதனக் காணி ஒன்றரை ஏக்கரிலும் அவன்தான் வெள்ளாமை செய்கிறான். எங்கள் வருடச் சோறு அதில்.

இதெல்லாம் ஜூலை 31ஆம் திகதியால் வந்த வினை. அன்று கருவி 0.3 காட்டியது. "சிறு தூறல்" என்று துண்டுக் கடதாசியில் எழுதி ஸபியாவிடம் கொடுத்தேன். பின்னேரம் உண்மையாகவே நாலு துளி விழுந்தது. அலியார் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

வட்டவிதானைதான் பேசினார்: "சேர், சனிக்கெழம நெல்லு வெட்ற மெசின் வருது. வெட்டினா நெல்லு ரெண்டு நாள் களவெட்டில காயணும். நனஞ்சா முளைச்சிரும், மில்லுக்காரன் திரும்பியும் பாக்கமாட்டான்."

"வேறு நாள்..."

"அதுக்குப் பொறகு மெசின் அடுத்த வட்டை வயலுக்குப் போயிரும். மறுகா நோம்பு மாசம். கதிர் உதிர்ந்து போகும். சனிக்கெழம மழயா இல்லயா, அத மட்டும் செல்லுங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு 0.2. துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாயால் சொல்லவில்லை.

"சேர்ட எழுத்து நல்ல வடிவு," என்றார் வட்டவிதானை. அத்தாட்சிப் பத்திரம்போல மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் 13, வியாழன்

தாங்க முடியாத சூடு. கோழி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

ஸபியா: "மழய மட்டும் செல்ற ஒங்கட பெட்டி, இந்தச் சூட்டச் செல்லாதா?"

சொல்லும். இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். வெப்பத்தைக் கேட்டேன். 273.4. கெல்வினில் தருகிறது. 273.15ஐக் கழித்தால் கால் பாகை. நீர் உறையும் நிலை. கழித்தலைத் தாளில் மூன்று தரம் செய்தேன். முன்கையை முகர்ந்து பார்த்தேன், வேர்வைதான்.

பிறகு திரையை மறைத்த அடிமட்டத்தை எடுத்தேன்.

நெடுங்கோடு 7.5. அகலக்கோடு 82. நான் கொடுத்த 7.4, 81.8க்கு மிக அருகிலுள்ள சதுரம்.

கருவிக்கு நெடுங்கோடு முதல். அகலக்கோடு பிறகு. குறுக்கச்சு முதல், நெடுக்கச்சு பிறகு என்ற கணித வாத்தியார் வழக்கம். மகன் கணிதம் படித்தவன். நான் புவியியல்.

அட்லஸை எடுத்து விரல் வைத்தேன். வட துருவத்துக்கு எட்டுப் பாகை கீழே. நிலம் இல்லை, ஊர் இல்லை. அந்த இடத்தில் பக்க எண் அச்சிட்டிருக்கிறது.

பதினேழு நாளாகக் கல்முனைக்கு அந்தப் பக்க எண்ணின் மழையைச் சொல்லியிருக்கிறேன்.

சரியான வரிசையில் எழுதினேன். 81.8, 7.4. வெப்பம் 305, அதாவது முப்பத்திரண்டு பாகை. சரி. சனிக்கிழமை மழை, காலை பதினொன்றரை முதல் மாலை ஐந்தரை வரை: 19 மி.மீ.

தண்ணீர் குடித்தேன். திரும்பப் பார்த்தேன். 19.

மஃரிபு தொழுகைக்குப் பின் தேநீர்க் கடை. வட்டவிதானை, அலியார், இன்னும் ஏழெட்டுப் பேர். ஒப்புக்கொண்டேன். துருவம், பாகை, வரிசை, எல்லாம். கரும்பலகை இல்லாததால் மேசையில் தேநீரால் வரைந்தேன்.

வட்டவிதானை கவனமாகக் கேட்டார். "அப்ப சேர், அங்க மழ இல்லண்டு வந்திச்சி. இஞ்சயும் பெய்யல்ல. பதினேழு நாள். மறுகா என்ன பிழ?"

"அது தற்செயல்."

"தற்செயல் ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வரும். பதினேழு நாள் வருமா சேர்?"

"மச்சானுக்குப் பேர் வந்திட்டு," என்றான் அலியார். "பேர் வந்தா இவருக்குப் பயம். கலியாணத்தன்டும் இப்பிடித்தான், மாப்புளய நாங்க தேடிப் புடிச்ச."

"அங்க ஆரு சேர் வெள்ளாம செய்ற?" என்றார் வட்டவிதானை.

"யாரும் இல்லை. கரடி."

"கரடிக்கே காயுது. நம்மளுக்குக் காயாதா?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அதுதான் பிழை. நான் சிரித்ததோடு விசயம் முடிந்துபோயிற்று.

ஓகஸ்ட் 14, வெள்ளி

காற்றுக் குறைவு. மேகம் இல்லை. சனிக்கிழமை மழை, இன்று பார்த்தால் 21.

என் சந்தேகம்: பதினேழு நாள் பிழையாகச் சொன்னவன் இன்று சரி என்று எப்படித் தெரியும்? நல்லவேளை, பழைய கோப்புகளை அழிக்கவில்லை. பதினேழையும் சரியான வரிசையில் ஓட்டி, கொமா போட்ட பட்டியலாக மாற்றினேன். பதினாறு நாள் சைபர். ஜூலை 31: 1.8. அந்த நாலு துளி.

ஆக, கருவி முதல் நாளிலிருந்து சரி. நான்தான் வேறு வீட்டுக் கதவைத் தட்டி, இங்கே இருப்பவரைப் பற்றி விசாரித்திருக்கிறேன். இவ்வளவு நிச்சயம் எனக்கு எந்த விடயத்திலும் வந்ததில்லை.

வெட்டை நிறுத்த முடியாது. நெல்லை மழை புகாத விரிப்பால் மூடலாம். ஸபியா சொன்னாள்: "சுனாமிக்குக் குடுத்த படங்கு எல்லா ஊட்டு அலுமாரிக்கு மேலயும் கிடக்கி. போய்க் கேளுங்க."

போனேன்.
1ஆம் வீடு: தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.
2ஆம் வீடு: மகனின் பரீட்சை விசாரித்தேன்.
3ஆம் வீடு: நாய்.
மொத்தப் படங்கு: 0.

திரும்பும் வழியில் கடற்கரை மதிலடியில் நின்றேன். சுனாமி வந்த காலையும் அதே இடத்தில்தான் நின்றேன். கடல் உள்ளே போனது. உயர்தர வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில், ஜப்பான் பாடத்தின் கீழ் ஒரு பந்தி இருந்தது: கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அந்தப் பந்தி வாய்வரை வந்தது. பிழையாகிவிட்டால் சனம் சிரிக்குமே என்று யோசித்தேன். ஒரு நிமிடம் இருக்கும். யாரோ ஒரு மீன்காரர் என்னை முந்திக் கத்தினார். நானும் ஓடினேன். அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கொப்பியிலும் எழுதியதில்லை.

ஸபியாவிடம் மொத்தம் சைபர் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "ஊடு ஊடாப் போக ஏலாட்டிப் பள்ளிவாசல்ல செல்லுங்க. ஒலிபெருக்கி என்னத்துக்கு?"

ஓகஸ்ட் 15, சனி

மு.ப. 7: மெசின் வந்தது. வானம் கழுவி வைத்ததுபோல.
11: களவெட்டித் தரையில் ஒன்பது குடும்பத்து நெல், காய விரித்தாயிற்று.
11.40: புதிய கோப்பு. 22.

லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போனேன். மரண அறிவித்தல் முதல் எல்லாம் அவர் பொறுப்பு. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சேர், ஆராச்சும் மௌத்தா?"

"இல்லை."

"புள்ள காணாமப் போயிட்டா?"

"இல்லை. மழை."

வெளியே எட்டிப் பார்த்தார். கண்ணைக் கூசவைக்கும் வெயில். "மழைக்கு அறிவித்தல் செல்றல்லயே சேர்." நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை. அவர் மைக்கை என் பக்கம் திருப்பினார். "அப்ப நீங்களே செல்லுங்க. இந்தக் கணக்கு எனக்கு வராது."

நான் பேசியது எனக்கு நினைவில்லை. ஸபியா வீட்டிலிருந்து கேட்டு ஒப்புவித்தபடி:

"அஸ்ஸலாமு அலைக்கும்." (நீண்ட அமைதி. அதற்குள் பாதி ஊர் மரணச் செய்திக்குரிய இன்னாலில்லாஹியை ஓதிவிட்டது.) "யாரும் மௌத்தாகவில்லை. பதினேழு நாளாக நான் சொன்ன மழை உங்களுடையது அல்ல. அது வட துருவத்து மழை. மன்னிக்க வேண்டும். இன்று பின்னேரம் இங்கே மழை. இது இந்த ஊர் மழை. களவெட்டியில் ஒன்பது குடும்பத்து நெல் கிடக்கிறது. வீட்டில் சுனாமிப் படங்கு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்." (இருமல்.) "பிழையென்றால் நாளைக்குச் சிரியுங்கள். இன்றைக்குப் படங்கு."

சனம் வந்தது. நம்பி வந்தவர்கள் எத்தனை பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்க வழியில்லை. படங்கு: 26. ஒன்றில் மட்டும் எலி கடித்த ஓட்டை.

2.30: மூடியாயிற்று. வெயில்.
3.00: வெயில். அலியார் படங்குக்குக் கீழே கை விட்டுப் பார்த்து, "நெல்லு அவியுது மச்சான். இன்னம் கொஞ்சம் விட்டாச் சோறாயிரும்."
3.20: யாரோ குடை கொண்டுவந்து எனக்குப் பிடித்தார்கள். சிரிப்பு.
3.45: வட்டவிதானை தொப்பிக்குள்ளிருந்து என் பழைய துண்டை எடுத்து எல்லோருக்கும் வாசித்தார். என் எழுத்தை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.
4.00: "தூக்குங்கடா," என்றான் அலியார். இரண்டு பேர் குனிந்தார்கள். நான் போய்ப் படங்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று தெரியாது. அறுபத்தொன்பது வயதுக்காரனைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை.
4.15: கச்சான் நின்றது. மேற்கே கறுப்பு.
4.25: விழுந்தது.

முப்பத்தைந்து நிமிடம். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன், எழுந்தால் காற்றில் படங்கு போய்விடும். மற்ற மூலைகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அலியார் என் பக்கத்தில். கொஞ்ச நேரத்துக்குப் பின் குடையை விரித்து என் தலைக்குப் பிடித்தான். அவனும் நனைந்தான், நானும் நனைந்தேன், குடை திரும்பிவிட்டது.

எலி ஓட்டைக்குக் கீழே ஒரு மரக்கால் அளவு நெல் ஈரம். மற்றது காய்ந்தபடி.

தும்மல். கொத்தமல்லி. ஸபியா என் தலையைத் துவட்டினாள்.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

வெயில். மண் வாசனை. மூக்கடைப்பு.

எட்டு மணிக்கு மோதினார் வாசலில். "சேர், வாங்க. களவெட்டியில ஒருத்தரும் படங்கத் தூக்கிறல்ல."

"ஏன்? நல்ல வெயில்தானே."

"நேத்தும் நல்ல வெயில்தான் சேர். நீங்க செல்லாம தூக்கமாட்டாங்களாம். நெல்லு உள்ளுக்கு அவியுது."

கோப்பு இறங்கும்வரை இரண்டு மணித்தியாலம் மோதினார் கதிரையில் காத்திருந்தார். ஸபியா அவருக்கு இரண்டு தரம் தேநீர் கொடுத்தாள். தொலைபேசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நெடுங்கோடு முதல். அகலக்கோடு பிறகு. மழை 0. நாளையும் 0. திரும்பப் பார்க்கவில்லை.

பள்ளியின் பின் யன்னலால் களவெட்டி தெரியும். இருபத்தாறு நீலப் படங்கு, பக்கத்தில் சனம், எல்லோரும் ஒலிபெருக்கியையே பார்த்தபடி. மைக்கைப் பிடித்தேன். "மழை இல்லை. தூக்குங்கள்."

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அலியார் குனிந்தான்.