பருப்புப் பொடி டப்பாவில் வந்த குரல்

ஞாயிறு, இரவு.

விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வார்டன் வந்தால் நோட்டும் போகும், எம்.பி.3 பிளேயரும் போகும்.

இன்று பெற்றோர் பார்க்க வரும் நாள். அப்பா மட்டும் வந்தார். "அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில லோடு ஏத்தற நாளு சாமி, லீவு தரமாட்டேனுட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும்போல் பிளேயரைப் பருப்புப் பொடி டப்பாவுக்குள் புதைத்துக் கொடுத்தார். இங்கே போன் கூடாது. அதனால் அம்மா மாதாமாதம் அதில் பேசிப் பதிந்து அனுப்புவாள்.

போட்டால் ஒரே கரகரப்பு. குரல் இழுத்து இழுத்து வந்தது. பக்கத்துக் கட்டில் சுமதி, "பொடி உள்ள போயிருக்கும் புள்ள, ஊதிப் பாரு" என்றாள். ஊதினேன். ஊக்கில் பஞ்சு சுற்றி இயர்போன் துளையைத் துடைத்தேன். சார்ஜ் ஏற்றினேன். கடைசியில் அவளுடைய இயர்போனை வாங்கி மாட்டினேன். "நாளைக்கு என் காதுல சோறு பிசைஞ்சு திங்கலாம்" என்று சிரித்தாள். "சாமி... நல்லா... படிக்கோணும்" என்று அதே கரகரப்புதான்.

பிறகு போன மாதம் அம்மா பேசியதைப் போட்டேன். கணீரென்று கேட்டது. பின்னால் கோழிகள் கத்துவதுகூடத் தெளிவாக இருந்தது.

மறுபடி புதியதைக் கேட்டேன். கோழிச் சத்தமே இல்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. யாரோ ஒரு பெண், "பேசாம படுங்கம்மா, ஊசி போடோணும்" என்கிறாள்.

"சரியாயிருச்சா?" என்று நான் நோட்டோடு இங்கே வர எழுந்தபோது சுமதி தூக்கத்தில் கேட்டாள். ஆயிருச்சு என்றேன்.

அப்பா இனி அடுத்த மாதம்தான் வருவார்.