பேனரில் உன் கண்

வீட்டுக்குள் இன்னும் புதுப் பிளக்ஸ் நெடி அடிக்கிறது, அக்கா. உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் பேனரைக் கழற்றிச் சுருட்டிப் பீரோ மேல் வைத்திருக்கிறேன். அதை அடிக்கக் கொடுத்த அன்று, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நான் கேட்காமலேயே உன் கண்களைச் சின்னதாக்கிவிட்டு, "இப்ப நல்லா இருக்குது பாரும்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "பழையபடி பண்ணுங்க. இது எங்கக்கா இல்ல" என்றேன்.

அவரைச் சொல்லி என்ன? நானே அப்படித்தானே இருந்தேன். தைராய்டு கோளாறில் கண்ணைச் சுற்றியுள்ள தசை வீங்கி விழியை வெளியே தள்ளுகிறது, எங்கோ ஒருவருக்குத்தான் இவ்வளவு முற்றும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லும்வரை, காத்து கருப்பு என்று உன்னைக் கோயில் கோயிலாக இழுத்தடித்தேன். எட்டு மாதம். அதற்குள் ஒரு கண் பாதி மங்கிவிட்டது.

நீயோ அசரவில்லை. அனந்தபுரம் சந்தையில் உன் கடைக்குக் காய் வாங்க வந்த ஒருத்தி, "இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்று சண்டைக்கு நின்றாள். "மொறைக்கலம்மா, கண்ணே அப்டிதான். கத்திரிக்கா வேணுமா வேணாமா?" என்றாய். அரைக் கிலோ வாங்கிக்கொண்டுதான் போனாள்.

சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் உனக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தேன். நீ அதை வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மைக்கு மாட்டிவிட்டு, "அதுக்குதான் ஊரப் பாக்க வெக்கம். எனக்கின்னா?" என்று கிளம்பினாய். மண்டபத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாய். பக்கத்தில் உட்காரக் கூசி, பந்தியைப் பார்ப்பதாகச் சொல்லி நழுவியவள் நான். மாரடைப்பு உன்னைக் கொண்டுபோகும்வரை அதற்காக ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

பேனர் உன் கண்ணோடுதான் ஏறியது, திண்டிவனம் ரோட்டில், ஆளுயரத்துக்கு. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

மூன்றாம் நாள், பேனரில் இருந்த தெருப் பெயரை விசாரித்துக்கொண்டு பனமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். "பேனர்ல இருக்கறவங்களுக்கு இன்னா வியாதிக்கா? எனக்கும் இப்டிதான் இருக்குது. பேய் புடிச்சிருக்குதுன்னு வீட்ல மந்திரிக்கறாங்க" என்று முந்தானையை விலக்கினாள். உன் கண்களேதான்.

டாக்டரைப் பற்றிச் சொன்னேன். "வீட்ல கேட்டுட்டு அடுத்த வாரம் வரேன்" என்றாள். நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். அடுத்த பாண்டிச்சேரி பஸ்ஸில் இருவரும் ஏறிவிட்டோம்.

நான் வீணாக்கிய உன் எட்டு மாதத்தைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன், அக்கா. அதில் ஒரு நாளைக்கூட இன்னொருத்தி தலையில் இறக்கி வைக்க மாட்டேன்.