எண்ணெய்த் துணி

ஜூன் 20, வெள்ளி

"இரும்பு எப்ப சார் துருப்பிடிக்கும்?" என்று எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். "நீ அதை மறந்ததும்" என்றேன். அந்தப் பதில் இன்று எனக்கே திரும்பி வந்தது.

போன மாதம் என் மனைவி எஸ்தரின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்து, என் பட்டறை அறையை ஒழுங்குபடுத்தினான். எல்லாம் கைப்பேசியில் பார்த்துப் படித்த ஒழுங்கு. சுவரில் பலகை அடித்து, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல் ஸ்பேனர்களை உயரவாரியாகத் தொங்கவிட்டான். துருப்பிடிக்காமலிருக்க அவற்றின்மேல் நான் சுற்றி வைத்திருந்த எண்ணெய்த் துணிகளை, "இந்தக் கந்தல் எதுக்கு அத்தான்?" என்று குப்பையில் போட்டான். பலகைக்கு எதிரே, உப்பளத்துக் காற்று நேராக வரும் ஜன்னல்.

இன்று எஸ்தரின் தையல் மிஷின் நின்றுவிட்டது. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய பள்ளிச் சீருடைகள் பாதியில் கிடக்கின்றன. நட்டைக் கழற்றப் போனால், திருகு ஸ்பேனரின் வாய் துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது.

அவனுக்குப் போன் போட்டேன். "எண்ணெய் போட்டு வைக்க வேண்டியதுதான அத்தான்" என்கிறான், அந்த மேதை.

எஸ்தர் கையால் பொத்தான் தைப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் மாட்டுறப்ப போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புனது யாரு? நீங்கதான?"

அவனாவது இந்தக் காற்றை அறியாதவன். முப்பது வருடம் துருவைப் பாடம் நடத்திய நான், அழகாக இருக்கிறதென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவனைவிடப் பெரிய மடையன் யார்?

ஸ்பேனரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். காலையில் அது அசைந்தால்தான் சீருடை.

இனி எந்தக் கந்தலையும் எறியுமுன் ஒருமுறை மோந்து பார்.