ஐம்பது நிமிடத்தில் தைத்த சட்டை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை, கடையில் இரண்டு தையல் மிஷின்கள் எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பாய், உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சீக்கிரம் சுகமாகட்டும். என் விரலில் ஊசி ஏறிவிட்டதால் நான் சொல்லச் சொல்லத் தங்கைதான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை இவள் பாடப்புத்தகம் மாதிரி மாற்றிவிடுகிறாள், அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதே.

அடுத்த மாதம் ஒரே ஒரு ஞாயிறுதான் உனக்கு லீவு என்று சொன்னாயே, அன்றிலிருந்து வீட்டில் ரகளைதான். சனிக்கிழமை கடையை மூடிவிட்டுப் பஸ் ஏறினால் பதினான்கு மணி நேரம், உன் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட்டதும் திரும்பும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். விமானத்தில் வந்தால் நம் ஊருக்கும் உன் ஊருக்கும் ஐம்பது நிமிடம்தான், ஞாயிறு முழுக்க உன்னோடு இருக்கலாம். இதைச் சொன்னதும் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். ஐம்பது நிமிடத்தில் தைத்த சட்டை எதுவும் ஆல்டரேஷனுக்கு வராமல் இருந்ததில்லையாம், விமானக்காரன் அவ்வளவு தூரத்தை அவ்வளவு வேகமாக முடிக்கிறான் என்றால் எங்கேயோ ஒரு தையலை விட்டிருக்கிறானாம். டிக்கெட் போடும் பெண்ணிடம் போய், புறப்படும் முன் யாராவது ஒரு தடவை ஓட்டி டிரயல் பார்ப்பார்களா என்று கேட்டார். அது தினமும் பறக்கிறது ஐயா என்றாள் அவள். என் மிஷினும் தினமும்தான் ஓடுகிறது, எத்தனை தடவை நூல் அறுக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் உன் தங்கைதான் வழி கண்டாள். சுவரில் தொங்கும் மேப்பில், பஸ் போகிற பாதை மேலேயே மலையைச் சுற்றி ஏரியைச் சுற்றிச் சிவப்பு நூலை வைத்து வெட்டினாள். பிறகு இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே நேராக நீல நூலை இழுத்து வெட்டினாள். இரண்டையும் அப்பா கையில் கொடுத்தாள். அவர் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், நீலத்துக்குக் கீழே சிவப்பு இன்னொரு பங்கு தொங்கியது. விமானம் எங்கேயும் வளையாதா என்று கேட்டார், வளையாது என்றாள். இவ்வளவு நூலையா வீணாக்குகிறான் அந்த பஸ்காரன் என்று அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி டிக்கெட் போட்டுவிட்டார். ஆனால் துணியில் மடிப்புக்கு விடுவதுபோல முன்னால் கொஞ்சம் நேரம் விட வேண்டுமாம், சாயங்கால விமானத்துக்குக் காலையிலேயே போய் உட்காரப் போகிறோம். வழிக்கு மூன்று வேளைச் சாப்பாடும் கட்டச் சொல்லியிருக்கிறார்.

நேற்று டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஐம்பது நிமிஷம்தானா? அப்ப ரெண்டு வருஷமா நாம ஏன்டி போகல?" என்றார். நான் பட்டனை எடுத்துத் தைக்க ஆரம்பித்தேன், அப்போதுதான் விரலில் ஊசி ஏறியது.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் தூங்கு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றுகொள், இறங்கியதும் அப்பா கண் உன்னைத்தான் தேடும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியவள் தங்கை. பிழை இருந்தால் அது அம்மா சொன்னது.)