ஒரு எம்.எல். என்று சொன்னவளுக்கு

காலையில் செபப்புத்தகத்தைத் திறந்ததும் உன் நினைவு அட்டை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் நீ. வெள்ளைச் சீருடை, தலையில் தொப்பி, முகத்தில் அந்த அடக்கமான சிரிப்பு. கீழே உன் வீட்டுக்காரர் அச்சடித்திருக்கிறார்: "ஒரு ஊசியும் தவறாமல் போட்ட கைகள், இப்போது இறைவனின் கைகளில்."

அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டது. பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். பேசவில்லை, எழுதுகிறேன். அதுவும் உனக்குத்தான்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் நர்ஸிங் படிக்கச் சேர்ந்தோம். நான் கிளியனூர், நீ வல்லம். விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேரும் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். மற்றப் பாடங்களை எப்படியோ சமாளித்தேன். எலும்புகளின் பேரையெல்லாம் பாட்டாகப் பாடி ஏற்றிக்கொண்டேன். மருந்துக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். டாக்டர் எழுதுவது மில்லிகிராமில். குப்பியில் இருப்பது தண்ணீர் மருந்து. ஊசியில் இழுப்பது எம்.எல். இந்த மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, "வேண்டியதை இருப்பதால் வகுத்து, அளவால் பெருக்கு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு டீச்சர் போய்விடுவார்கள். எது மேலே, எது கீழே என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். புள்ளி வைத்த எண் வந்தால் அந்தக் கணக்கையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

உன்னிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை கேட்டிருப்பேன். "சொல்லிக் குடுடி" என்பேன். நீ சிரிப்பாய். மூத்த மாணவிகள் விட்டுப்போன நோட்டு ஒன்று உன்னிடம் இருந்தது. அதில் பதினைந்து கணக்கு. வருஷா வருஷம் அதே பதினைந்துதான் பரீட்சையில் வரும், எண்ணைக்கூட மாற்ற மாட்டார்கள். விடையை மனப்பாடம் செய்தால் போதும் என்றாய்.

"புரியணும்னு யாருடி கேட்டா? செபமாலை உருட்டுற மாதிரி உருட்டு. பத்து மில்லிகிராம்னா ஒரு எம்.எல்., இருபதுன்னா ரெண்டு. நான் இருக்கேன்ல உனக்கு?"

நீ இருந்தாய். பரீட்சையில் என் பக்கம் தாளைச் சாய்த்து வைத்தாய். நானும் பார்த்து எழுதினேன். என் பங்கை நான் மறைக்கவில்லை. உனக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தாறு. விடுதிக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி உனக்காக நன்றி சொன்னேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் வருஷம் நம் இருவரையும் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன கூட்டத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் அந்த வாரம் நிறைய வந்துவிட்டன. ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளை. குழந்தைகளுக்கான ஜென்டாமைசின் ஊசி மருந்துக் குப்பி தீர்ந்துபோய், பெரியவர்களுக்கானதைக் கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே உயரம், இரண்டிலும் இரண்டு எம்.எல். மருந்துதான். ஆனால் குழந்தைக் குப்பியில் மொத்தம் இருபது மில்லிகிராம், பெரியவர் குப்பியில் எண்பது. நம் நோட்டில் இருந்த கணக்கெல்லாம் குழந்தைக் குப்பிக்குப் போட்டது.

ஐந்து மாதக் கைப்பிள்ளை. சீட்டில் பத்து மில்லிகிராம் என்று இருந்தது. நீ பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாய்.

"பத்துக்கு எவ்ளோடி?" என்றேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு எம்.எல்.," என்றாய்.

இழுத்தேன். பிள்ளையின் தொடையைத் துடைத்தேன். அப்போதுதான் வார்டு சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்பது கட்டிலையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் அவர். பாதி மருந்தோடு குப்பி தட்டில் கிடந்ததைப் போகிற போக்கில் பார்த்திருக்கிறார்.

"இதுல என்னா எழுதியிருக்கு, படி."

படித்தேன். இரண்டு எம்.எல்.லில் எண்பது.

"அப்ப ஒரு எம்.எல்.ல எத்தினி?"

மறுபடி குப்பியைப் பார்த்தேன். வார்டே என்னைப் பார்க்கிறது. பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கிறாள்.

"எண்பதுல பாதி தெரியாதா உனக்கு? நாப்பதும்மா. நாலு பங்கு மருந்து. கால் எம்.எல். போட வேண்டிய பிள்ளைக்கு ஒண்ணு போடப் பாத்த. மருந்து கூடி நாளைக்கு இதுக்குக் காது கேக்காம போச்சுன்னா நீயா குடுப்ப? ஒரு எம்.எல்.னு யாரு சொன்னா உனக்கு?"

உன்னைப் பார்த்தேன். விரிப்பின் மூலையை மெத்தைக்கடியில் மடித்துச் செருகிக்கொண்டிருந்தாய். ஒரு மூலை முடிந்தது. அடுத்த மூலைக்குப் போனாய். பாடத்தில் சொன்ன மாதிரியே, சுருக்கமில்லாமல்.

நான் உன் பேரைச் சொல்லவில்லை. அது நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. நீயே சொல்லுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். வார்டில் காத்திருந்தேன். ஆபீஸ் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றபோதும் காத்திருந்தேன். அப்பா கிளியனூரிலிருந்து வந்து, என்னைப் படிப்பிலிருந்து நீக்கிய தாளில் கையெழுத்துப் போட்டு, என் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ மாடி ஜன்னலில் நின்றாய். கையாட்டினாய்.

அப்பா பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். திண்டிவனத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது வறுத்த மல்லாக்கொட்டை வாங்கி என் மடியில் போட்டுவிட்டு, "கணக்கு வரலன்னா சொல்லியிருக்கலாமே பாப்பா," என்றார். அதற்குத்தான் அழுதேன்.

அடுத்த வருஷமே கல்யாணம். திண்டிவனத்தில் ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷன். நான் நர்ஸிங் படித்ததை யாராவது பேசினால், "ஒடம்புக்கு முடியாம நின்னுடுச்சு" என்று அவராகவே சொல்லி என்னைக் காப்பாற்றுவார். அந்தப் பொய்க்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

மூத்தவனுக்கு ஒன்பது மாதத்தில் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த பாட்டிலில் ஐந்து எம்.எல்.லில் நூற்றிருபத்தைந்து என்று போட்டிருந்தது. மூடியைத் திறக்கத் துணியாமல் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போய் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மதியத்தில் பிள்ளை தூங்கும்போது முதல் பக்கத்திலிருந்து போட்டேன். அரிசி அளந்தாலும் கேப்பை அரைக்கக் கொடுத்தாலும் நோட்டில் எழுதுகிறவள் நான். அதே நோட்டின் பின்பக்கத்தில் பின்னமும் விகிதமும் ஏறின.

ஒரு நாள் அது திறந்துகொண்டது. சூத்திரமெல்லாம் வேண்டாம். ஒரு எம்.எல்.லில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேள். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடியது. அதற்காகவா என்னைப் பெட்டியோடு அனுப்பினார்கள்? பதினைந்து கணக்கையே வருஷா வருஷம் கொடுத்துவிட்டு, அதற்கு மார்க்கும் போட்டுவிட்டு, குப்பி மாறினால் பிள்ளை என்ன ஆகும் என்று யோசிக்காதவர்கள் அங்கேயே இருந்தார்கள். எண்பதில் பாதி சொல்லத் தெரியாதவள் மட்டும் வெளியே வந்தாள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினாய். "என் மறக்க முடியாத தோழிக்கு" என்று எழுதுவாய். அந்த நாளைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இருக்காது. நான் இரண்டு முறை பதில் போட்டேன், பிறகு விட்டுவிட்டேன். நீ ஸ்டாஃப் நர்ஸ் ஆனாய், விழுப்புரத்திலேயே வீடு கட்டினாய் என்று ஊர்க்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் உன் உடம்பில் கட்டி என்றார்கள். தவக்காலம். போய்ப் பார்க்காவிட்டால் பாவம் என்று வந்தேன். பாதி ஆளாக இளைத்திருந்தாய். ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்துத் தலைமாட்டிலிருந்து ஒரு பாட்டிலையும் சீட்டையும் எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"இதக் கொஞ்சம் பாரேன். ஏழரை மில்லிகிராம்னு எழுதியிருக்காரு. பாட்டில்ல அஞ்சு எம்.எல்.ல பத்து."

ஒரு எம்.எல்.லில் இரண்டு. "மூணே முக்கால்," என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. "எங்கிட்ட எதுக்குக் கேக்குற? நீதான ஸ்டாஃப் நர்ஸ்."

"எனக்குத் தெரியாதுடி."

"வெளையாடாத."

"என்னிக்குமே தெரிஞ்சதில்ல. யார்கிட்டயாவது காட்டிக்கினுதான் போடுவேன். அக்கா, ஒரு தரம் பாத்துச் சொல்லுங்கன்னு. புதுசா வந்த புள்ளைங்க கிட்டகூடக் காட்டியிருக்கேன். ரொம்ப ஜாக்கிரதைக்காரின்னு பேரு வந்துடுச்சு." சிரித்தாய். சிரிக்கும்போது வலித்தது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

எத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்த கேள்வி. கேட்டேன். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை?

"தொறந்தா நானும் பெட்டியத் தூக்கணும். எனக்குப் பின்னாடி மூணு தங்கச்சிங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "உன்னப் பாத்துதான்டி கத்துக்கினேன். நீ போனது கண்ணுலயே நின்னுச்சு. அதனாலதான் ஒரு ஊசியும் காட்டாம போட்டதில்ல."

நீ அதை நன்றியாகச் சொன்னாய் என்று தெரிகிறது. எனக்கு அறை விட்டது போல இருந்தது. என் வாழ்க்கை உனக்கு எச்சரிக்கைப் பலகையா? நான் விழுந்த பள்ளத்தைப் பார்த்து நீ ஓரமாக நடந்து போனாய், போகட்டும். அந்தப் பள்ளத்தில் தள்ளியது யார் கை?

"உங்க வீட்டுக்காரரக் கூப்புடு," என்றேன். "அவரு எதிர்ல ஒரே ஒரு தரம் சொல்லு. ஒரு எம்.எல்.னு சொன்னது நான்தான்னு. அது போதும் எனக்கு."

நீ பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். அதற்குள் அவரே காப்பியோடு வந்துவிட்டார். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அவரைப் பார்த்தாய், பாட்டிலைப் பார்த்தாய்.

"இவ கணக்குல பெரிய கெட்டிக்காரிங்க," என்றாய். "அப்பவே."

அப்பவே. அந்தச் சொல்லை என்ன செய்வது? உன்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று சில நாள் தோன்றும். மறுபடியும் விரிப்பு மூலையைத்தான் மடித்தாய் என்று பல நாள் தோன்றும். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து பதினாறாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்தில் கோயில் நிறைய வெள்ளைச் சீருடை. சாமியார் பிரசங்கத்தில், இத்தனை வருஷத்தில் ஒரு மருந்தும் தவறவிடாதவர் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தியிருந்தால் உன் தங்கைகள் என்னைப் பிய்த்திருப்பார்கள். கத்தவில்லை. உன் பெட்டிமேல் நானும் ஒரு பிடி மண் போட்டேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில், அவளை மன்னித்துவிட்டேன் சாமி என்று சொன்னேன். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பொய்யை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது?

உனக்காகச் செபிக்கிறேன். அது தவறுவதில்லை. கோபமும் தவறுவதில்லை.

எங்கள் தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். சிரப்பைவிட வீரியமான சொட்டு மருந்தை, இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பாலாடையில் ஊற்றப் போகிறவர்களை எத்தனையோ முறை தடுத்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சீட்டு இருந்தால், பாட்டிலை என் கையில் வாங்கிப் படிப்பேன். அவர்களையும் படிக்க வைப்பேன். ஒரு எம்.எல்.லில் எவ்வளவு என்று அவர்கள் வாயாலேயே வரவழைப்பேன். கடைசியில் ஒரு தாளில் மருந்தின் பேர், அளவு, நாள் எல்லாம் எழுதி, அடியில் என் பேரையும் எழுதிக் கொடுப்பேன்.

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "என்னாக்கா, ரெண்டரை எம்.எல்.னு வாயால சொன்னாப் பத்தாதா? தாலுகா ஆபீஸ் மாதிரி கையெழுத்தெல்லாம் போட்டுக்கினு."

"பத்தாது," என்றேன். "தப்பாப் போச்சுன்னா யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க. அப்ப இதக் காட்டு. அமலிதான் சொன்னான்னு சொல்லு."