சிவந்த தாடியோடு வாருங்கள்

திரா மலையில் மாமா வீட்டில் இருக்கும் பாபாவுக்கு மகள் தோர்பெகையின் சலாம். நீங்களும் மாமா வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்று அந்தப் படத்தைப் பார்த்ததும் ‘இது என் பாபா’ என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சுட்டீர்களா என்று இப்போது கேட்கவும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இது நிறைமாதம். கால் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் ஓயவில்லை. குழந்தையின் காதில் பாங்கு சொல்ல மிர்சல் சித்தப்பா இருக்கிறாரே என்றேன். “அவன் குரலக் கேட்டா புள்ள திரும்ப உள்ள போயிரும். உங்க பாபா வந்து சொல்லட்டும்” என்கிறாள்.

இனி அந்தப் படம். போன குளிர்காலத்தில், சண்டை நின்றிருந்தபோது, ஜம்ரூத் கோட்டைக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரன் படம்பிடிக்கும் பெட்டியும் கறுப்புக் கூடாரமுமாக வந்து உங்களையெல்லாம் துப்பாக்கியோடு நிறுத்திவைத்தானே, அப்போது எடுத்தது. சமீபத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து ஒட்டகங்கள் மீது சுட்டவர்களுக்குத் தலைவன் நடுவில் நிற்பவன்தான் என்று யாரோ விரல் வைத்துக் காட்டியிருக்கிறான். பெயர் சொல்ல மட்டும் பயந்துவிட்டான். பிடித்தால் தூக்காம்.

பட்டாளத்துக்கு எழுத்துவேலை பார்க்கும் முன்ஷி ஒருவர் சிப்பாய்களோடு அதைக் கொண்டுவந்தார். அன்று ஜம்ரூத்துக்கு வராத மிர்சல் சித்தப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “யாருப்பா இந்தக் குருட்டுப் பய? தாடிய அடுப்புக்கரியில முக்கிட்டு வந்து நிக்கிறான்?” என்றார். தெரியாது என்று குர்ஆன் மீது சத்தியமும் செய்தார். பொய்ச் சத்தியமல்ல பாபா, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பிறகு கதவிடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார்கள். மருதாணியிட்ட உங்கள் தாடி அதில் கன்னங்கரேலென்று இருக்கிறது. நீலத் தலைப்பாகை வெளுத்துக் கிடக்கிறது. உங்கள் நீலக் கண்களும் குருடன் கண்போல வெளுத்திருக்கின்றன. பக்கத்தில் நின்ற நம் குதிரையின் சிவப்புச் சேணத்துணியும் கறுப்பாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பெட்டியின் குணம் எனக்குப் புரிந்தது: சிவப்பைக் கறுப்பாக்குகிறது, நீலத்தை வெள்ளையாக்குகிறது. துப்பாக்கி வாயைக் கட்டைவிரலால் மூடிப் பிடிக்கிறவர் இந்த மலையில் நீங்கள் ஒருவர்தான். அந்த விரலைத்தான் அடையாளம் கண்டேன்.

“கறுப்புத் தாடிக்காரங்க எங்க வீட்ல யாருமில்லீங்க. பாபா ஆடுகளோட திராவுக்குப் போயிருக்காரு” என்றேன்.

நீங்கள் எனக்குக் கொடுத்த பாரசீகக் கிதாபுகளில் மாறுவேடத்தில் ஊர் திரும்பும் அரசர்கள் நிறைய. அவர்களை நினைத்துத்தானோ என்னவோ, தாடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம் பாபா. அவர்கள் தேடுவதே கறுப்புத் தாடிக்காரனைத்தான். மருதாணியைப் புதிதாக இட்டுக்கொண்டு, நீலத் தலைப்பாகையோடு, பட்டப்பகலில் வாருங்கள். துப்பாக்கி மாமாவிடமே இருக்கட்டும். கைத்தடி எடுத்தாலும் அதன் தலையைக் கட்டைவிரலால் மூடாதீர்கள்.

வாதுமை மூட்டைக்குள் வைத்து இதைக் கொண்டுவரும் அத்தைக்கு ஒரு வாய் தேநீர் கொடுங்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் தாடியின் சிவப்பையும் கண்ணின் நீலத்தையும் அல்லாஹ் காக்கட்டும்.

மகள்,
தோர்பெகை


திராவில் இருக்கும் ஷேர்தில் மாமாவுக்குச் சலாம்.

பாபா செவ்வாய்க்கிழமை நண்பகலில் வந்து சேர்ந்தார். சாவடிச் சிப்பாய் அந்தப் படத்தை அவரிடமே நீட்டி, “பெரியவரே, இந்தக் குருடன வழியில எங்கயாவது பாத்தீங்களா?” என்று கேட்டானாம். பார்க்கவில்லை என்றாராம்.

வியாழக்கிழமை தம்பி பிறந்தான். அவன் வலது காதில் பாபா பாங்கு சொன்னார்.

தோர்பெகை